ஏற்காட்டு அடுப்படி: பந்தாடப் போகும் பெண்ணுக்கு வெறும் காபி போதுமா?

மாவட்டப் போட்டிகள் தொடங்கிவிட்டால் எங்கள் ஏற்காட்டில் விடியற்காலை பஸ்ஸுக்கே ஒரு தனிக் களை வந்துவிடும். கால்பந்து, கபடி, கோ-கோ, வாலிபால் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கலர் பனியனும் ஷூவுமாகத் தோளில் பையோடு மலை இறங்குவார்கள். பிள்ளையை ஏற்றிவிட்டுத் திரும்பும் தாய்மார்களிடம் “என்ன சாப்பிட்டாள்?” என்று கேட்டுப் பாருங்கள். பல பேரிடமிருந்து வருவது ஒரே பதில்தான். “எங்கேங்க சாப்பிடறா? ஒரு டம்ளர் காபி குடிச்சிட்டு ஓடிட்டா!”

சாயந்திரம் செய்தி வரும். முதல் பாதியில் புலி மாதிரி ஓடிய பெண், இரண்டாம் பாதியில் கண் இருட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டாளாம். உடனே வீட்டுப் பெரியவர்கள், “அதான் சொன்னேன், பொம்பளைப் புள்ளைக்கு உடம்பு தாங்குமா? போதும் விளையாட்டு, படிக்கச் சொல்லு” என்று முடித்துவிடுவார்கள். ஒரு பெண்ணின் விளையாட்டு அத்தோடு நின்றுபோகும். சகோதரிகளே, அவள் உட்கார்ந்தது பெண்ணாகப் பிறந்ததாலா, பசியாலா? இதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

“காபி குடித்தால் நன்றாக ஓடலாம் என்று விஞ்ஞானிகளே சொல்கிறார்களாமே!” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், சொல்லியிருக்கிறார்கள். ஆனால் யாருக்குச் சொன்னார்கள், எவ்வளவு சொன்னார்கள், அதோடு வேறென்ன சொன்னார்கள் என்பதையும் கேட்க வேண்டாமா?

காபி மலையிலிருந்து காபியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தார் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. அன்று முதல் மிளகுக் கொடியும் சில்வர் ஓக் மரமும் நிழலுமாக இந்த மலைக்குச் சோறு போடுவது காபிதான். ஆனாலும் தோட்டத்துக்குச் சோறு போடும் காபி, பிள்ளையின் வயிற்றுக்குச் சோறாகிவிடாது!

உடம்பின் இரண்டு பானைகள்

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, களி, கிழங்கு, பழம், வெல்லம் எல்லாவற்றிலும் இருக்கும் மாவுச்சத்து வயிற்றில் கரைந்து குளுக்கோஸாகி ரத்தத்தில் கலக்கிறது. அப்போதைக்குத் தேவையானது போக மிச்சத்தை உடம்பு கிளைக்கோஜன் என்ற உருவத்தில் சேர்த்து வைக்கிறது. மாதக் கடைசிக்கு நாம் அரிசிப் பானையில் எடுத்து வைக்கிற மாதிரி!

இந்தச் சேமிப்புக்கு இரண்டு பானைகள். ஒன்று தசைகள். வளர்ந்த ஆளுக்கு ஏறக்குறைய 400 கிராம் அங்கே தங்கும். இன்னொன்று கல்லீரல். அங்கே ஏறக்குறைய 100 கிராம். பிள்ளைகளின் சின்ன உடம்பில் இரண்டுமே குறைவு. தசையில் இருப்பது அந்தந்தத் தசைக்கு மட்டும்தான். தொடையில் இருப்பதைக் கைக்குக் கடன் கொடுக்க முடியாது. கல்லீரலில் இருப்பதோ பொதுப் பானை. ரத்தத்தில் சர்க்கரை குறையும்போதெல்லாம் அதிலிருந்துதான் எடுத்து ஊற்றியாக வேண்டும். மூளையும் அந்தப் பானையை நம்பித்தான் இருக்கிறது.

இதில்தான் விஷயம் இருக்கிறது. நாம் தூங்கும்போது தசைகள் சும்மா இருப்பதால் அவற்றின் பானை அப்படியே இருக்கும். ஆனால் மூளைக்கு ராத்திரியும் வேலைதான். பொதுப் பானை குறைந்துகொண்டே வரும். இரவு 8 மணிக்குச் சாப்பிட்ட பெண், காலையில் காபி மட்டும் குடித்துவிட்டு 10 மணி ஆட்டத்தில் இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 மணி நேரப் பட்டினி! முதல் பாதியில் தசைப் பானை அவளை ஓட வைக்கும். அதற்குப் பிறகு பொதுப் பானை தட்டும்போது கால் தளரும், கவனம் சிதறும், வரும் பந்து கண்ணுக்கு முன்னால் தவறிப் போகும்.

ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி பெங்ட் சால்ட்டின் 1973-ல் வெளியிட்ட கால்பந்து ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. தசைப் பானை நிறைந்து இறங்கியவர்களையும், முந்தின நாள் களைப்பால் பாதி காலியாக இறங்கியவர்களையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். காலியாக இறங்கியவர்கள் மொத்தத்தில் குறைந்த தூரமே ஓடினார்கள். அதிலும் ஏறக்குறைய பாதித் தூரத்தை நடந்தே கடந்தார்கள். அவர்களெல்லாம் ஆண்கள்தான். பால், முட்டை, இறைச்சி என்று வளர்ந்த வெள்ளைக்கார ஆண்கள்! பானை காலியானால் அவர்களும் நடக்கத்தான் செய்தார்கள். இனி யாராவது “பொம்பளை உடம்பு” என்று ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள்.

காபி என்ன செய்கிறது?

நாம் விழித்திருந்து வேலை செய்யச் செய்ய, மூளையில் அடினோசின் என்ற பொருள் சேருகிறது. அது தனக்கென்று உள்ள பூட்டுகளில் சாவி மாதிரி போய்ப் பொருந்தும்போது “களைத்துவிட்டோம், போதும்” என்ற உணர்ச்சி வருகிறது. காபியில் உள்ள காஃபீனுக்கும் கிட்டத்தட்ட அதே சாவியின் உருவம். அது முந்திக்கொண்டு போய்ப் பூட்டுத் துளையை அடைத்துக்கொள்ளும். ஆனால் பூட்டைத் திருகாது. அதனால் களைப்பு தெரிவதில்லை. கவனியுங்கள், களைப்பு போய்விடவில்லை. தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். மாட்டுக்குத் தீனி வேறு, சாட்டை வேறு. காபி சாட்டை. சர்க்கரையும் பாலும் சேர்ப்பதால் கொஞ்சம் தீனியும் உண்டென்றாலும், இரண்டு ஸ்பூன் சர்க்கரை வெறும் 10 கிராம்தான்.

சாட்டையால் பலன் உண்டா என்றால், உண்டு. ஒலிம்பிக் கமிட்டி 2018-ல் வெளியிட்ட அறிக்கையில், நிச்சயமாகப் பலன் தரும் சில பொருள்களில் ஒன்றாகக் காஃபீனைச் சேர்த்திருக்கிறார்கள். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 முதல் 6 மில்லிகிராம், ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு என்பது கணக்கு. ஒரு காலத்தில் இதைத் தடை செய்யும் அளவுக்கே போனார்கள். 1984 முதல் காஃபீனுக்கு ஒரு வரம்பு இருந்தது. சிறுநீரில் அதைத் தாண்டினால் குற்றம். 2004 ஜனவரியில்தான் அதைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மாவுச்சத்தையும் காஃபீனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சில ஆய்வுகளில், ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் வேகமும் கவனமும் கொஞ்சம் கூடியிருக்கிறது. வேறு சில ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. வயிற்றில் தீனி இருந்தபோது சாட்டை எவ்வளவு உதவியது என்பதுதான் அங்கே கேள்வியே. பட்டினியாக வந்த பிள்ளைக்குச் சாட்டை போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை!

இதெல்லாம் வளர்ந்தவர்களுக்கு. நம் பிள்ளைகளுக்கு? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்னது: சிறுவர் சிறுமியருக்கு ஒரு நாள் முழுவதற்கும் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை போனால் பயமில்லை. 40 கிலோ எடையுள்ள பெண்ணென்றால் நாள் முழுவதற்கும் 120 மில்லிகிராம். நம் நாட்டுத் தேசிய உணவூட்டக் கழகத்தின் 2024 கையேட்டுக் கணக்கில், 150 மில்லி டிகாக்ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65. ஆக ஒரே ஒரு கெட்டியான டம்ளரிலேயே அவளுடைய நாள் கணக்கு தீர்ந்துபோகலாம். பெரிய வீரர்களுக்குச் சொன்ன அளவு எங்கே தொடங்குகிறதோ, பிள்ளைகளுக்கான எல்லை அங்கே முடிகிறது. இதை மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டைக்குக் கொட்டை வித்தியாசமும் உண்டு. எங்கள் மலையில் பெரும்பாலும் விளையும் அராபிகாவைவிட ரொபஸ்டாவில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிக்கரியில் காஃபீனே கிடையாது. கறுப்பாக இருப்பதாலேயே கெட்டிக் காபி என்று சொல்லிவிட முடியாது. அளவு மிஞ்சினால் பிள்ளைக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வயிறு கலக்கும். குடித்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி ரத்தத்தில் இருக்கும். சாயந்திரம் 5 மணிக்குக் குடித்த காபி ராத்திரி 10 மணிக்குத் தூக்கத்தைக் கெடுப்பது இதனால்தான். ஆட்டத்துக்கு முந்தின ராத்திரித் தூக்கத்தைவிடப் பெரிய டானிக் எந்தக் கடையிலும் கிடைக்காது.

டின் பானங்கள்

இப்போது இன்னொரு வழக்கம் மைதானங்களுக்கு வந்திருக்கிறது. “எனர்ஜி” என்று பெயர் போட்ட டின்னைப் பெரிய பையன்கள் வாங்கிக் குடிப்பதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளும் காசு சேர்த்து வாங்குகிறார்கள். நம் நாட்டு விதிப்படி இந்த மாதிரி பானத்தில் ஒரு லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். அதாவது 250 மில்லி டின்னில் 75. இரண்டு டின் உள்ளே போனால் 150! நம் 40 கிலோ பெண்ணின் எல்லையைத் தாண்டியாயிற்று. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் இதைக் குடிப்பது உகந்ததல்ல என்று அந்த டின்னிலேயே அச்சடிக்க வேண்டும் என்பதும் விதி. எழுத்துதான் எறும்பு அளவு! அடுத்த முறை கடையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள். பிள்ளையையே படிக்கச் சொல்வது இன்னும் நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-லேயே, குழந்தைகளின் உணவில் இந்தப் பானங்களுக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட்டது.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) சொல்கிறது: தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் பிராணவாயுவைத் தசைக்குச் சுமந்து செல்ல ஆள் போதாது. அடுப்பில் விறகு இருந்தும் காற்று இல்லாத மாதிரி! மாதவிலக்கு தொடங்கிய பெண்ணுக்கு இழப்பும் அதிகம், வளரும் வயதில் தேவையும் அதிகம்.

காபி, டீ இரண்டும் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். அதனால்தான் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம் என்று அந்த 2024 கையேடு சொல்கிறது. நாமோ இட்லியை வாயில் வைத்துக்கொண்டே காபியை நீட்டுகிறோம்! பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையையும் காபியோடு விழுங்க விடாதீர்கள். எலுமிச்சை, நெல்லி, கொய்யா, எங்கள் ஊர் ஆரஞ்சு இவற்றில் ஏதாவது ஒன்று சாப்பாட்டோடு சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். அடிக்கடி மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தைப் பரிசோதித்துவிடுங்கள்.

இருபது வளைவும் ஒரு வயிறும்

“சொல்வதெல்லாம் சரி, ஆனால் என் பெண் காலையில் வாயைத் திறக்க மாட்டேங்கிறாளே! ‘அம்மா, சாப்பிட்டா பஸ்ஸிலே வாந்தி வரும்’ங்கிறாளே!” என்பீர்கள். நியாயமான பயம்தான். சேலத்துக்கு இறங்குவதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டி, கொடைக்கானல், வால்பாறைத் தாய்மார்களுக்கும் இதே கஷ்டம் உண்டு. அதற்கு நான் சொல்லும் முறை, சாப்பாட்டை மூன்றாகப் பிரித்துவிடுவது.

முதல் பங்கு, முந்தின நாள் ராத்திரி. அன்றைக்குப் பிள்ளை வயிறாரச் சாப்பிட வேண்டும். சோறோ, சப்பாத்தியோ, சாமைச் சோறோ, கேழ்வரகுக் களியோ, வீட்டில் எது வழக்கமோ அதுதான் நல்லது. இந்த மலையில் வாழும் மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் தின்றுதானே சுமை தூக்கி மேடு ஏறினார்கள்! பருப்போ முட்டையோ சேரட்டும். அதிக எண்ணெய், பொரியல் பதார்த்தம், பழக்கமில்லாத ஓட்டல் சாப்பாடு வேண்டாம். 9 மணிக்குள் படுக்கை.

இரண்டாம் பங்கு, பஸ் ஏறும் முன். நிறைந்த வயிறும் குமட்டும், முழுக்கக் காலியான வயிறும் குமட்டும். அதனால் கொஞ்சமாக, உலர்ந்ததாகக் கொடுங்கள். சட்னி எண்ணெய் இல்லாமல் இரண்டு இட்லி, அல்லது இரண்டு துண்டு ரொட்டி, அல்லது நாலு ரஸ்க். ஒரு வாய் சுக்குத் தண்ணீர் அல்லது இஞ்சித் துண்டு சிலருக்கு நன்றாகக் கேட்கும். பஸ்ஸில் முன் வரிசையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்க்க வேண்டும்; குனிந்து புத்தகமோ செல்போனோ பார்த்தால் வாந்தி நிச்சயம். குமட்டலுக்கு வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் தூக்கம் வரும். ஆட்ட நாளில் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வெறும் வயிற்றில் கடுங்காபி சிலருக்குக் குமட்டலை அதிகமாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாம் பங்கு, மலை இறங்கிய பின். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்! டிபன் டப்பாவில் கட்டிக் கொடுத்தால் மைதானத்தில் இறங்கியதும் சாப்பிட்டுவிடலாம். ஆட்டத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் இருந்தால் நாலு இட்லியும் ஒரு வாழைப்பழமும். ஒரு நடுத்தர இட்லியில் ஏறக்குறைய 10 கிராம் மாவுச்சத்து. பழத்தோடு சேர்த்து 60 கிராம் போல ஆகும். ஒரு மணி நேரம்தான் இருக்கிறதென்றால் ஒரு பழமும் இரண்டு பேரீச்சம்பழமும் போதும். ஆட்டத்துக்கு முன்பு ஒன்றிலிருந்து நாலு மணி நேரத்துக்குள், எடையில் கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் மாவுச்சத்து என்பது நிபுணர்களின் கணக்கு. நேரம் குறையக் குறைய அளவும் குறைய வேண்டும். கடலை மிட்டாய் நல்ல பண்டம்தான்; ஆனால் கடலையின் எண்ணெய் மெதுவாகத்தான் செரிக்கும் என்பதால் ஆட்டம் முடிந்த பிறகு கொடுங்கள்.

பிள்ளை ஆட்டத்துக்கு முன்பு எதை விழுங்கினாலும் அது ஏற்கெனவே பயிற்சி நாளில் பழகினதாக இருக்க வேண்டும். போட்டி நாளில் புதுச் சட்டை போடலாம், புதுச் சாப்பாடு கூடாது!

வீட்டிலேயே ஒரு பானம்

மலையில் குளிரில் பழகிய பிள்ளைகள் சேலத்து வெயிலில் இறங்கும்போது வேர்வையாகவே கொட்டும். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஒரே நாளில் ஆகாது. அதனால் தண்ணீரைத் தாராளமாகக் கொடுத்தனுப்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஆட்டமென்றால், சாப்பிட்டு வந்த பிள்ளைக்கு வெறும் தண்ணீரே போதும். ஒரே நாளில் இரண்டு, மூன்று ஆட்டம் என்றால்தான் சர்க்கரையும் உப்பும் சேர்ந்த பானத்துக்கு வேலை. நம் பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் அப்படித்தானே நடக்கின்றன?

இன்று உலகமெங்கும் விற்கும் கேட்டரேட் என்ற விளையாட்டுப் பானம் பிறந்த கதையைக் கேளுங்கள். 1965-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழக டாக்டர் ராபர்ட் கேட், வெயிலில் வாடிய தம் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்களுக்காகத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து ஒரு பானம் செய்தார். வாயில் வைக்க விளங்கவில்லை! அவர் மனைவி மேரிதான், “எலுமிச்சம்பழச் சாறு சேர்த்துப் பாருங்களேன்” என்றாராம். அதற்குப் பிறகுதான் குடிக்க முடிந்தது. நம் எலுமிச்சை சர்பத்தில் உப்புப் போடும் பாட்டிமார்கள் சிரித்திருப்பார்கள்!

நாம் செய்வது இப்படி: காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டர். தலை தட்டிய டீஸ்பூனால் 12 ஸ்பூன் சர்க்கரை. கால் டீஸ்பூன் உப்பு. ஒரு எலுமிச்சம்பழச் சாறு. கலக்கி வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றுங்கள். இதில் சர்க்கரை நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு வரும். இதைவிட இனிப்பைக் கூட்டினால் வயிற்றிலேயே தங்கிப் பிசையும். கலர் சோடாவில் இது போல இரண்டு பங்கு சர்க்கரை இருப்பதால்தான் குடித்துவிட்டு ஓடும்போது பக்கம் பிடிக்கிறது. இடைவேளையில் அரை டம்ளர், முக்கால் டம்ளர் வீதம் சின்னச் சின்ன மடக்காகக் குடித்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. இது விளையாட்டுக்கு மட்டும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் அளவு வேறு: ஒரு லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. உப்பும் சர்க்கரையும் ஒன்றோடொன்று கைகோத்துக் குடலுக்குள் போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதுதான் இரண்டிலும் உள்ள ரகசியம். 1971-ல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்துவிடாதீர்கள்.

இடைவேளையில் எதையும் விழுங்க முடியாமல் தவிக்கும் பிள்ளைக்கு ஒரு சின்ன உபாயமும் உண்டு. இங்கிலாந்தில் 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், மாவுச்சத்துக் கலந்த தண்ணீரை வாயில் கொப்பளித்துத் துப்பிய சைக்கிள் வீரர்கள், ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டத்தைக் கிட்டத்தட்ட 3 சதவீதம் சீக்கிரமாக முடித்தார்கள். விழுங்கவே இல்லை! சாப்பாடு வருகிறது என்று நாக்கு சொன்னதும் மூளை தைரியம் கொள்கிறது போலிருக்கிறது. சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல, ஆபத்துக்கு உதவி.

ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டத்துக்குள் இரண்டு மணி நேரம் இருந்தால் உடனே ஒரு பழம், கொஞ்சம் தயிர் சாதம் அல்லது எலுமிச்சை சாதம். காலியான பானை முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நிறையும். சர்க்கரை வியாதியோ இருதயக் கோளாறோ உள்ள பிள்ளை என்றால் மட்டும் இந்த அளவுகளையெல்லாம் டாக்டரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

யார் கட்டிக் கொடுப்பது?

2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக வந்தது. பந்தாடப் போகும் பெண் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிறாள். அவளுடைய காலைச் சாப்பாடு நம் கையில்தான். எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் தாய்க்கு விடியற்காலை 5 மணிக்கு இட்லி ஊற்ற முடியாதுதான். ராத்திரிச் சோற்றில் தயிரையும் உப்பையும் போட்டுப் பிசைந்து டப்பாவில் வைத்தாலும் போதும். கையில் இரண்டு பழம். கடை டின்னுக்குக் கொடுக்கும் காசில் ஒரு சீப்புப் பழமே வாங்கலாம்! விளையாட்டு ஆசிரியரிடமோ ஆசிரியையிடமோ, “சார், மைதானத்துக்குப் போனதும் பிள்ளைங்க சாப்பிட ஒரு பத்து நிமிஷம் குடுங்க” என்று நாலு தாய்மார்கள் சேர்ந்து கேளுங்கள். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். விளையாடும் பையனுக்கு முட்டை, விளையாடும் பெண்ணுக்கு மிச்சம் என்று தட்டு போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2018-ல் கட்டாக் நகரில் மணிப்பூரை வென்று முதன்முறையாகத் தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தது தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் கொண்டுவந்தது. அந்தப் பெண்களும் ஏதோ ஒரு வீட்டுத் தட்டிலிருந்து சாப்பிட்டு எழுந்து போனவர்கள்தானே?

காபி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழகின பிள்ளைக்குப் பால் அதிகமாக அரை டம்ளர், அதுவும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி, இருந்துவிட்டுப் போகட்டும். தினமும் குடிக்கும் பிள்ளைக்கு ஆட்டத்தன்று திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும். குறைப்பதானால் ஒரு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஆனால் டம்ளரை நீட்டும் முன் டப்பாவை நீட்டுங்கள். அடுத்த தடவை பெண் சோர்ந்து உட்கார்ந்தாள் என்று செய்தி வந்தால், “விளையாட்டு போதும்” என்று சொல்வதற்கு முன், “கண்ணு, காலையிலே என்ன சாப்பிட்டே?” என்று கேளுங்கள்.